அண்ணா கொண்டுவந்த கூட்டும் ரோபோ: எங்கள் வீட்டு வரைபடம் ரொறன்ரோவில்

கணக்கு ரீச்சர், வெள்ளவத்தை:

வணக்கம். தரை கூட்டும் ரோபோ வைத்திருப்பவர்கள், அதைவிட நல்லது அதைக் கழற்றிப் பார்த்தவர்கள், யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். வாங்கலாமா என்று கேட்க வரவில்லை. அது ஏற்கனவே எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இராமகிருஷ்ணா வீதிப் பக்கம் ஒரு தொடர்மாடியில் நானும் அம்மாவும் இருக்கிறோம். கடற்பக்க யன்னலைத் திறந்தால் காற்றோடு மணலும் உப்பும் வரும். மூடினால் அம்மாவுக்கு மூச்சு முட்டும். வேலைக்கு வந்துபோன அக்கா குவைத்துக்குப் போய்விட்டார். அம்மாவின் முழங்கால் குனிய விடாது. நான் பாடசாலையிலிருந்து வந்த கையோடு கூடத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு. இதையெல்லாம் பார்த்துத்தான் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது ரோபோவைக் கொண்டுவந்தார். தானே பூட்டினார், தன் கைத்தொலைபேசியிலேயே செயலியைப் போட்டார், வீட்டைச் சுற்றி ஓடவிட்டு வரைபடம் எடுத்தார், விமானம் ஏறிவிட்டார். நல்ல மனத்தோடு செய்தது, அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் ரோபோ இன்றுவரை அவருடைய செயலிக் கணக்கில்தான் இருக்கிறது. "இன்றைக்கு ஏன் கூட்டவில்லை?" என்று கேட்டபோது சிரித்தோம். பிறகு ஒருநாள், "கூடத்தில் யன்னலுக்குக் கீழே ஒரு நீள்சதுரம் வெறுமையாகத் தெரிகிறதே, அங்கே என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்றார். அது அம்மாவின் கட்டில். இரவில் அறையிலிருந்து குளியலறைவரை நடக்க முடியாமல் போனதால் கூடத்துக்கு மாற்றியிருந்தோம். அவர் தூரத்தில் இருந்து கவலைப்படுவார் என்று அதை நாங்கள் சொல்லவில்லை. அடுத்தது கதிரைகள். செவ்வாய், வியாழன்களில் வகுப்பு முடிந்து நான் கதிரைகளை அடுக்குவதற்கு முன்பே ரோபோ கிளம்பிவிடும். பிளாஸ்டிக் கதிரையின் ஒவ்வொரு காலும் வரைபடத்தில் ஒரு புள்ளி. அண்ணா புள்ளிகளை எண்ணி, நான்கால் வகுத்து, "பதினொரு பிள்ளைகளா? வகுப்பு பெருத்துவிட்டது போல" என்றார். சின்ன வயதிலிருந்தே கணக்கில் என்னைவிட அவர்தான் கெட்டிக்காரர்.

முன்பக்கத்தில் ஒரு கமராவும் இருக்கிறது. அண்ணா அங்கிருந்தே அதைத் திறந்து வீட்டைப் பார்க்கலாம். திறக்கும்போது ரோபோ ஆங்கிலத்தில் ஏதோ அறிவிக்கும். அம்மாவுக்கு அந்த வசனம் விளங்காது, ஆனால் குரல் கேட்டதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "தம்பி பார்க்கிறான்" என்று நிமிர்ந்து உட்காருவார். குளித்துவிட்டு வந்தால், கிளிக்கூட்டை மூடுவது போல அதன்மேல் ஒரு பழைய துவாயைப் போட்டுவிட்டுத்தான் உடை மாற்றுகிறார். கடந்த வாரம் வகுப்பில் ஒரு பிள்ளை, "ரீச்சர், இது எங்களையும் படம் எடுக்குமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லவும் கூசியது, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

கமராவை மூடிவிட்டால் அது கூட்டுமா? வரைபடம் அண்ணாவிடம் மட்டும்தான் போகிறதா, ரோபோவைச் செய்தவர்களிடமுமா? மற்றவர் வீட்டுப் பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் இதற்குச் சட்டம் ஏதும் உண்டா? எல்லாவற்றையும்விட, அண்ணாவின் மனம் நோகாமல் இதை என் கைக்கு மாற்றுவது எப்படி? அம்மாவின் மூச்சுக்கு அது வேண்டும். தூக்கி எறியச் சொல்லாதீர்கள்.

---

கொட்டாஞ்சேனைவாசி:

ஒரு தும்புத்தடி வாங்குங்கள். அது எந்த நாட்டுக்கும் தகவல் அனுப்பாது. பகிடி ஒருபுறம் இருக்க, உங்கள் கைத்தொலைபேசிக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள், யாரோடு பேசுகிறீர்கள் என்று எல்லாமே தெரியும். கதிரைக்கால் தெரிந்துவிட்டதென்று பதறுவானேன்?

---

கணக்கு ரீச்சர், வெள்ளவத்தை:

தும்புத்தடியை யார் பிடிப்பது என்பதையும் எழுதியிருக்கலாம். கைத்தொலைபேசி என் பெயரில், என் கையில் இருக்கிறது. வேண்டாம் என்றால் நானே அணைப்பேன். இது அம்மாவின் கட்டிலைச் சுற்றி ஓடுகிறது, திறவுகோல் இன்னொருவரிடம் இருக்கிறது.

---

யூனிட்டி பிளாசா திருத்துநர், பம்பலப்பிட்டி:

ரீச்சர், நான் கணினி திருத்துகிறவன். இப்போது இந்த ரோபோக்களும் என் மேசைக்கு வருகின்றன, பாதிக்கு மேல் வெளிநாட்டு அண்ணன்மார் கொண்டுவந்தவை. ஆகையால் தனியுரிமைக்கு முன் மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. சார்ஜ் ஏறும் தளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 100–240 என்று இருந்தால் பயமில்லை. குப்பையைத் தானே இழுத்தெடுக்கும் உயரமான தளம் என்றால் பல வகைகளில் 120 மட்டும்தான் இருக்கும். அதை நேரே சுவரில் செருகிக் கருக்கிக்கொண்டு வந்தவர்களை நான் அறிவேன்.

இனிக் கண் விடயம். ரோபோவின் தலையில் வட்டக் குமிழ் ஒன்று இருக்கிறதா? அதற்குள் லைடார் சுழல்கிறது. லேசர் ஒளியைச் சுற்றிவர எறிந்து, அது சுவரிலும் கதிரைக்காலிலும் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தை அளக்கும். தரைக்குச் சற்று மேலே ஒரே மட்டத்தில் வெட்டிப் பார்ப்பதுதான் அதன் பார்வை. முகம், உடை, நிறம் எதுவும் அதற்குத் தெரியாது. அண்ணா எண்ணிய புள்ளிகளும் அம்மாவின் கட்டிலும் இதிலிருந்து வந்தவை. முன்பக்கக் கமரா வேறு வேலைக்கு: செருப்பு, வயர், பூனை ஆகியவற்றைக் கண்டு விலகுவதற்கு. ஆகவே குமிழ் இருந்தால் கமராமேல் ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் வழமைபோல் கூட்டும், வயரில்தான் சிக்கும். குமிழ் இல்லாமல் கமராவை நம்பியே வழி தேடும் வகை என்றால் ஒட்டியதும் திகைத்து நின்றுவிடும். இரண்டுமே இல்லாமல் முட்டி முட்டித் திரும்பும் மலிவு வகையும் உண்டு. தனியுரிமைக்கு அதைவிட உத்தமமானது இல்லை, கூட்டுவதில் அதைவிட மோசமானதும் இல்லை.

செய்தவர்களிடம் போகிறதா என்று கேட்டீர்கள். பெரும்பாலான வகைகளில் வரைபடம் நிறுவனத்தின் சேவையகம், அதாவது இணையத்தில் இருக்கும் அவர்களுடைய கணினி, வழியாகத்தான் கைத்தொலைபேசிக்கு வருகிறது. வெள்ளவத்தையில் ஓடுவதை ரொறன்ரோவில் இருந்து பார்க்க முடிவதே அதனால்தான். படங்களைப் பற்றிப் பயப்பட ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் ரூம்பா ஜே7 வகையைச் சோதித்தபோது 2020இல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், வெனிசுவேலாவில் படங்களுக்கு அடையாளம் குறிக்கும் கூலிவேலை செய்தவர்கள் வழியாகச் சமூக ஊடகக் குழுக்களுக்குப் போயின. கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் ஒன்று. 'எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ' இதழ் 2022 டிசம்பரில் இதை வெளியிட்டது. அவை கடைக்கு வராத சோதனை ரோபோக்கள், வீட்டுக்காரர்கள் ஒப்பமிட்டிருந்தார்கள் என்றது நிறுவனம். இருக்கட்டும். கணினிதானே பார்க்கப்போகிறது என்று நினைத்து ஒப்பமிடுகிறோம். செருப்பு எது, பூனை எது என்று அந்தக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் யாரோ ஒரு மனிதர் பார்த்தாக வேண்டியிருக்கிறது. செயலியின் அமைப்புகளில் "தயாரிப்பை மேம்படுத்த உதவுங்கள்" என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதை அணையுங்கள்.

நிறுவனமும் ஒரே கையில் இருப்பதில்லை. அதே ஐரோபோட்டை 170 கோடி டொலருக்கு வாங்குவதாக அமேசன் 2022இல் அறிவித்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் எதிர்ப்பால் 2024 ஜனவரியில் கைவிட்டது. 2025 டிசம்பரில் ஐரோபோட் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி, தனக்கு ரோபோக்களைச் செய்துகொடுத்த சீன நிறுவனத்திடமே போகும் ஏற்பாட்டுக்கு வந்தது.

சீனப் பொருள் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். என் அனுபவத்தில் நாட்டைவிடக் கணக்கும் கடவுச்சொல்லும்தான் பெரிய ஓட்டை. 2024 மே மாதம் அமெரிக்காவில் சில நகரங்களில் சீனாவின் எகோவாக்ஸ் நிறுவனத்தின் டீபொட் எக்ஸ்2 ரோபோக்களை வெளியாட்கள் கைப்பற்றினார்கள். மினசோட்டாவில் ஒரு சட்டத்தரணியின் வீட்டில் ரோபோவிலிருந்து குரல் வந்தது. அவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அது மறுபடி கிளம்பி, மகனின் முன்னாலேயே இனவெறி வசவுகளைக் கத்தியது. வேறெங்கோ கசிந்த கடவுச்சொற்களை இங்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று நிறுவனம் சொன்னது. ஆனால் கமராவைத் திறக்கக் கேட்கும் இரகசிய எண்ணைச் செயலி மட்டுமே சரிபார்க்கிறது, சேவையகம் சரிபார்ப்பதில்லை என்று ஆய்வாளர்கள் ஏற்கனவே காட்டியிருந்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில், சுமார் 130 மீற்றர் தூரத்திலிருந்து புளூடூத் மூலமாகவே அந்த நிறுவனத்தின் ரோபோக்களுக்குள் நுழையலாம் என்றும் காட்டினார்கள். 130 மீற்றருக்குள் வெள்ளவத்தையில் எத்தனை தொடர்மாடி என்று எண்ணிப் பாருங்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது இதனால்தான்.

லைடாரையே ஒலிவாங்கியாக்கி, பேச்சொலியில் குப்பைக்கூடை அதிர்வதை வைத்து என்ன சொன்னார்கள் என்று ஊகித்த ஆய்வும் 2020இல் வந்தது, மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் செய்தது. உங்கள் வீட்டு இருபடிச் சமன்பாட்டை ஒட்டுக்கேட்க யாரும் அந்தப் பாடு படமாட்டார்கள். அதை விடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ரோபோவில் உள்ள பொத்தானை அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. முதலில் அண்ணா தன் செயலியில் வரைபடத்தை அழிக்க வேண்டும், பிறகு ரோபோவைத் தன் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். அதன் பிறகுதான் உங்கள் பக்கம் பொத்தான். எகோவாக்ஸில் கணக்கை அழித்த பிறகும் தரவுகள் சேவையகத்தில் கிடந்தன, பழைய உரிமையாளர் புதியவரின் ரோபோவுக்குள் எட்டிப்பார்க்க வழி இருந்தது என்று அதே ஆய்வாளர்கள் சொன்னார்கள். பழைய சாமானாக வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பிறகு உங்கள் மின்னஞ்சலில் புதிய கணக்கு, வேறெங்கும் போடாத நீளமான கடவுச்சொல். தொடங்கும்போது நாடு அல்லது பிராந்தியம் கேட்கும். தரவு எந்தச் சேவையகத்துக்குப் போவது என்பதைப் பல செயலிகளில் அதுவே தீர்மானிக்கிறது. கனடாவில் வாங்கிய சில வகைகள் வட அமெரிக்காவைத் தெரிவுசெய்யாமல் இணையவே மாட்டா. அண்ணாவை விருந்தினராகச் சேர்க்கலாம். ஆனால் "பகிர்" என்பதை அழுத்துமுன் அது அவருக்குக் கமராவையும் கொடுக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் முழு அதிகாரமும் போய்விடும்.

ரவுட்டரில் விருந்தினர் வைஃபை ஒன்றை, அதாவது வீட்டு வைஃபையிலிருந்து பிரிந்த இன்னொரு இணைப்பை, திறந்து ரோபோவை அதில் மட்டும் விடுங்கள். உங்கள் மடிகணினியில் வினாத்தாள், பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் எல்லாம் இருக்கும், அவை வேறு பக்கம் இருக்கட்டும். பல ரோபோக்கள் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணையத்தையே வெட்டிவிடலாமா என்றால், வெட்டலாம். பொத்தானை அழுத்தினால் கூட்டும். நேர அட்டவணை, போகக்கூடாத இடம் ஆகியவற்றை மாற்ற முடியாமல் போகும். வாலெட்டுடோ என்ற திறந்த மூல மென்பொருளைப் போட்டால் நிறுவனச் சேவையகம் இல்லாமலே வரைபடத்தோடு ஓட்டலாம், ஆனால் சில வகைகளுக்குத்தான் பொருந்தும், அதைச் செய்த நிரலாளரே இது எல்லோருக்கும் உரியதல்ல என்கிறார். நானும் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். பழுதானால் யூனிட்டி பிளாசாவில் என்னைத் தவிர வேறு யாரும் தொடமாட்டார்கள்.

---

புதுக்கடைச் சட்டத்தரணி:

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்து, திருத்தங்களுக்காகத் தள்ளிவைக்கப்பட்டன. ஒருவர் முற்றிலும் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு அது பொருந்தாது. ஆகவே அண்ணா அம்மாவின் கட்டிலைப் பார்த்ததற்காக இந்தச் சட்டத்தின் கீழ் யாரும் அவர்மேல் வழக்குப் போட முடியாது. அந்த விலக்கு வீட்டுக்காரருக்குத்தான், ரோபோவைச் செய்த நிறுவனத்துக்கு அல்ல.

உங்கள் விடயத்தில் எனக்குச் சற்று உறுத்துவது வகுப்பு. கட்டணம் வாங்கிக் கற்பிக்கும் இடத்தை வீட்டுத் தேவை என்று முழுதாகச் சொல்லிவிட முடியுமா என்பது வாதத்துக்குரியது. சிறுவர் பற்றிய தரவுகளைச் சட்டம் விசேட வகையில் வைத்திருக்கிறது. என் ஆலோசனை வழக்கு மன்றத்துக்குரியது அல்ல: வகுப்பு நேரத்தில் ரோபோவை அம்மாவின் பழைய அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பெற்றோர் கேட்டால் அதையே சொல்லுங்கள்.

---

ஸ்காபரோவிலிருந்து ஒருவன்:

நான் அண்ணாவின் பக்கம். என் அம்மா தெஹிவளையில் தனியே இருக்கிறார். கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அவர் இரவுச் சாப்பாடு முடித்துவிட்டுப் படுக்கப் போகிறார். தொலைபேசியில் கேட்டால் எப்போதும் "நான் சுகம் ராசா" என்பார். காய்ச்சலில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார். எங்கள் ரோபோவில் கமரா இல்லை. ஆனால் "கூட்டி முடிந்தது" என்று ஒரு செய்தி வரும்போது, அம்மா எழும்பி அதன் பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் இருந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குள் போவேன்.

உங்கள் அண்ணா கதிரையை எண்ணியதும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கட்டில் இடம் மாறியதை ஒரு வரைபடத்தில் இருந்து கண்டுபிடிக்க விட்டது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்றும் யோசியுங்கள். கமராவை எடுத்துவிடுங்கள், அது அம்மாவின் உரிமை. அதோடு முழங்காலைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.

---

கணக்கு ரீச்சர், வெள்ளவத்தை:

எல்லோருக்கும் நன்றி, தும்புத்தடிக்காரருக்கும்.

குமிழ் இருக்கிறது. கறுப்பு நாடாவை ஒட்டினேன், ஓடுகிறது. அம்மாவின் செருப்பு ஒன்றை மட்டும் சாமியறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டது. தளத்தின் அடியில் 100–240 என்றுதான் இருக்கிறது. செவ்வாய், வியாழன்களில் அதை அறைக்குள் பூட்டிவிட்டேன். படம் எடுக்குமா என்று கேட்டவளிடம் காரணத்தையும் சொன்னேன். அவள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதாம், மாமா டுபாயிலிருந்து அனுப்பியதாம், யாருடைய கணக்கில் என்று போய்க் கேட்கிறேன் என்றாள்.

ஸ்காபரோக்காரர் எழுதியதை அண்ணாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முழங்காலுக்கு எந்த டொக்டரிடம் காட்டினீர்கள்?" என்று தொடங்கி என்னை நன்றாக ஏசினார். ஏசி முடித்த பிறகு கணக்கிலிருந்து நீக்குவதற்குச் சம்மதித்தார், ஞாயிறு காலையில் அம்மா வீடியோ அழைப்புக்கு வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. அம்மாவிடம் சொன்னேன். "அதற்கென்ன, அப்போது நல்ல சேலை உடுத்திக்கொண்டு இருக்கலாம்" என்றார். கூட்டி முடிந்ததும் போகும் செய்தி மட்டும் அண்ணாவுக்குத் தொடர்ந்து கிடைக்க வழி உண்டா என்று பார்க்க வேண்டும்.

இப்போது தடை ரவுட்டர்தான். விருந்தினர் வைஃபை திறக்க உள்ளே போகக் கடவுச்சொல் கேட்கிறது. அடியில் ஒட்டியிருந்த தாளில் உப்புக்காற்று பட்டு எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. என்ன செய்வது?

---

யூனிட்டி பிளாசா திருத்துநர், பம்பலப்பிட்டி:

தாளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள், பல நேரம் தெரியும். தெரியாவிட்டால் இணைப்புத் தந்தவர்களின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழையுங்கள். பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை மட்டும் விடாதீர்கள். ஃபைபர் ரவுட்டரில் அவர்கள் போட்ட அமைப்பும் சேர்ந்து அழிந்துவிட்டால், ஆள் வரும்வரை வீட்டில் இணையம் இருக்காது. செய்தி விடயம்: விருந்தினராகச் சேர்த்தவருக்கும் சில செயலிகள் அறிவிப்பை அனுப்பும். உங்களுடையதில் அந்த வசதி இல்லையென்றால், உங்களுக்கு வரும் அறிவிப்பைப் படம்பிடித்து அண்ணாவுக்கு அனுப்பிவிடுங்கள். கடவுச்சொல் கிடைத்ததும் ரவுட்டர் எந்த வகை என்று எழுதுங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன்.